ஃப்ரோசன் ஷோல்டர்: பயிற்சியா, ஊசியா, அறுவை சிகிச்சையா?

தோள் வலித்து இறுகினால், முதலில் ஒரு சோதனை. முழங்கையை விலாவோடு ஒட்டி, 90 பாகை மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்புங்கள். இன்னொருவர் பிடித்துத் திருப்பினாலும் பாதியில் முட்டி நிற்கிறது, எக்ஸ்ரேயில் தேய்மானம் இல்லை என்றால், பெரும்பாலும் ஃப்ரோசன் ஷோல்டர்தான். தானாகத் தூக்க முடியாத கை, பிறர் தூக்கினால் எழுகிறதா? தசைநார் கிழிந்திருக்கலாம், அதற்கு வைத்தியம் வேறு.

தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை அழற்சியால் தடித்துச் சுருங்குவதுதான் இந்த நோய். சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும்.

ராத்தூக்கம் கெடும் ஆரம்பக் கட்டத்தில் ஊசிதான் முந்துகிறது. ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு 40 மி.கி. வழக்கமான அளவு, மருந்து மூட்டுக்குள்ளேயே இறங்க வேண்டும் என்பதால் ஸ்கேன் பார்த்துப் போடுவது நல்லது. பலன் சில வாரங்களுக்குத்தான். அதற்குள் பயிற்சியைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் ஊசி வீண். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது சில நாள் எகிறும். குளுக்கோமீட்டரில் தினமும் பார்த்து, மருந்தளவை மருத்துவரிடம் கேளுங்கள்.

வலி உச்சத்தில் இருக்கும்போது கையை முறுக்கி இழுப்பவரிடம் போகவே வேண்டாம், அழற்சி கூடும். அப்போது குனிந்து கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுவது போதும். வலி அடங்கி இறுக்கம் மட்டும் மிஞ்சியதும், விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவே மடித்த துண்டை வைத்து, இரு கையிலும் ஒரு குச்சியைப் பிடித்து, நல்ல கையால் மற்றக் கையை வெளிப்பக்கம் தள்ளுங்கள். 15 விநாடி நிறுத்தி, 10 முறை, நாளுக்கு இரண்டு வேளை. பலர் சுவரில் விரலேற்றுவதை மட்டும் செய்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். தோளையே உயர்த்தி ஏமாற்றிக்கொள்ள இடம் கொடுப்பதும் அந்தச் சுவர்ப் பயிற்சிதான். எண்ணெய் தேய்ப்பு, ஒத்தடம் இதமளிக்கும், உறையை நீட்டாது.

ஸ்டீராய்டோடு 20 முதல் 40 மி.லி. உப்புநீரைச் செலுத்தி உறையை விரிக்கும் முறையும் உண்டு. ஊசிக்கும் அறுவைக்கும் நடுவில் கேட்டுப் பார்க்கத்தக்கது.

மாதக்கணக்கில் பயிற்சி செய்தும் அசையாவிட்டால் மிச்சம் இரண்டு: மயக்கம் கொடுத்துக் கையை அசைத்து விடுவிப்பது, நுண்துளை வழியே உறையை வெட்டுவது. முன்னதில் எலும்பு முறியும் அபாயம் உண்டு; எலும்பு மெலிந்தவர்களுக்கு ஆகாது. 2020-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு, 503 பேரிடம் இவ்விரண்டையும் ஊசியோடு சேர்ந்த பயிற்சியையும் ஒப்பிட்டது. ஓராண்டு முடிவில் எதுவும் மற்றவற்றைவிடத் தெளிவாக மேலாக இல்லை. கடுமையான பக்கவிளைவுகள் அறுவையில்தான் அதிகம். ஆகவே கத்தியைக் கடைசிக்கு வையுங்கள். எதைச் செய்துகொண்டாலும் மறுநாளே பிசியோதெரபி தொடங்க ஏற்பாடு உண்டா என்று முன்பே கேட்டு வையுங்கள். தள்ளிப்போட்டால் உறை மறுபடி ஒட்டிக்கொள்ளும்.