பலோமர் ஆப்டிகல் ஸ்விட்ச்: மெதுவான கண்ணாடி, கச்சிதமான வேலை

கூகுள் தன் டேட்டா சென்டர்களுக்கென்று தானே வடிவமைத்த பலோமர் கடையில் கிடைக்காது. ஆனாலும் மெம்ஸ் வகை (சில்லில் செதுக்கிய நுண் கண்ணாடிகளைத் திருப்பி ஒளியை ஒரு ஃபைபரிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும்) ஆப்டிகல் ஸ்விட்ச் வாங்க நினைப்பவர்கள் அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். உள்விவரங்கள் பெரும்பாலும் வெளியாகியிருக்கின்றன.

136 ஃபைபர் உள்ளே, 136 வெளியே. எதை எதோடு வேண்டுமானாலும் இணைக்கலாம். ஒளி மின்சாரமாக மாறுவதே இல்லை. நுண் கண்ணாடிகள் இரண்டில் பட்டுத் திரும்பி வெளியேறுகிறது. ஒவ்வொரு சில்லிலும் 176 கண்ணாடிகளைச் செய்து, தேறிய 136-ஐ மட்டும் பயன்படுத்துகிறார்கள். கண்ணாடி சரியாகத் திரும்பியிருக்கிறதா என்பதை 850 நானோமீட்டர் ஒளியைத் தனியே பாய்ச்சி, கேமராவில் பார்த்துத் திருத்துகிறார்கள். லிங்கில் டேட்டாவே இல்லாதபோதும் சரிபார்க்க முடிவது இதனால்தான். ஒளி இழப்பு பெரும்பாலும் 2 டெசிபலுக்குள். முழுப் பெட்டிக்கும் அதிகபட்சம் 108 வாட். லிங்க் வேகம் 100 ஜிகாபிட்டிலிருந்து 400-க்குப் போனாலும் பெட்டியை மாற்ற வேண்டாம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

கூகுளின் ஏஐ சில்லுகளால் ஆன டிபியு வி4 கணினியில் இதன் அருமை தெரிகிறது. 64 சில்லுகள் கொண்ட ஒரு கனசதுரத்துக்கு ஆறு முகம், முகத்துக்கு 16 லிங்க், ஆக 96. எதிரெதிர் முகங்களின் இணை லிங்க்குகள் ஒரே ஸ்விட்ச்சுக்குப் போவதால் 48 ஸ்விட்ச் போதும். 64 கனசதுரங்களுக்கு ஒவ்வொரு ஸ்விட்ச்சிலும் 128 போர்ட் போக, மிச்சம் எட்டு சோதனைக்கும் பழுதுக்கும். ஒரு கனசதுரம் கெட்டால் கேபிளைத் தொடாமல் வேறொன்றைச் சேர்த்துவிடலாம்.

தொந்தரவு எங்கே? போகும் ஒளியையும் வரும் ஒளியையும் பிரிக்கும் சர்குலேட்டர் வைத்து ஒரே ஃபைபரில் இரு திசையிலும் அனுப்புகிறார்கள். போர்ட்டும் கேபிளும் பாதியாகிவிடும். ஆனால் ஒரு கனெக்டர் முனையில் தூசி இருந்தால், நாம் அனுப்பும் ஒளியே அங்கிருந்து திரும்பி நம் ரிசீவரில் விழும். அலைநீளமும் ஒன்றே என்பதால் ஃபில்டரால் பிரிக்க முடியாது. பவர் மீட்டர் நன்றாகக் காட்டும்போதே பிழைகள் ஏறும். அதனால் முனையை 8 டிகிரி சாய்த்துத் தேய்த்த ஏபிசி வகை கனெக்டர்கள்தான் நல்லது. ஒவ்வொரு முறை செருகும் முன்பும் முனையை ஸ்கோப்பில் (நுண்ணோக்கி) பார்த்துத் துடைக்க வேண்டும்.

இனி வேகம். கண்ணாடி திரும்ப மில்லி விநாடிகள் பிடிக்கும். 400 ஜிகாபிட் லிங்கில் 10 மில்லி விநாடி என்றால் 500 மெகாபைட் அனுப்பக்கூடிய நேரம் வீண்; 1500 பைட் பாக்கெட்டோ 30 நானோ விநாடியில் முடிந்துவிடும். பாக்கெட் வாரியாகத் திருப்ப இது உதவவே உதவாது. கண்ணாடி நின்ற பிறகும் ரிசீவர் வரும் பிட்களின் தாளத்தோடு தன் கடிகாரத்தை ஒத்துக்கொண்டு, சிக்னல் சிதைவைத் திருத்தும் ஈக்வலைசரைச் சரிசெய்தாக வேண்டும்; சாதாரண டிரான்ஸீவரில் (ஒளியை அனுப்பிப் பெறும் கருவி) அதற்குக் கண்ணாடியைவிட அதிக நேரம் போகலாம். எனவே டேட்டாஷீட்டின் ஸ்விட்ச் நேரத்தை நம்பி வாங்காதீர்கள். கட்டளை கொடுத்ததிலிருந்து பிழையற்ற டேட்டா வரும்வரை பிட் பிழை டெஸ்டரால் அளந்து பாருங்கள். சராசரியை விட்டு, மோசமான அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நானோ விநாடி வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் 2020-இல் வெளியிட்ட சிரியஸ் பாதைதான். நடுவில் அசையாத கிரேட்டிங்குகள் (அலைநீளத்துக்கேற்ப ஒளியை வெவ்வேறு திசைக்குத் திருப்பும் பாகம்) மட்டும். லேசர் தன் அலைநீளத்தை மாற்றினால் ஒளி வேறு போர்ட்டுக்குப் போகும். 3.84 நானோ விநாடியில் மாற்றிக் காட்டினார்கள். அதற்கு ஈடாக எல்லா முனைகளின் கடிகாரங்களும் ஒத்து ஓட வேண்டும். ஒவ்வொரு அனுப்புநரின் ஃபேஸையும் (பிட்கள் வந்து சேரும் நேர இடைவெளியின் நிலை) ரிசீவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். அது இன்னும் ஆய்வுக்கூடச் சரக்கு. மணிக்கணக்கில் ஒரே இணைப்பில் ஓடும் ஏஐ பயிற்சி வேலைகளுக்கு இன்றைக்குக் கண்ணாடி ஸ்விட்ச்சே போதும்.