இளங்கலையில் உளவியலா, நரம்பறிவியலா?

இரண்டுக்கும் நடுவே தவிக்கும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஹென்றி மொலைசனின் கதையைத்தான். 1953-ல் வலிப்பு நோய்க்காக அவருடைய மூளையின் இருபுறமும் உள்ள, நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் கணிசமான அளவை அகற்றினார்கள். அதன்பிறகு புதிய அனுபவம் எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நட்சத்திரம் வரையச் சொன்னபோது, நாளுக்கு நாள் கை தேறிக்கொண்டே வந்தது. முந்தைய நாள் வரைந்ததே அவருக்கு ஞாபகம் இல்லை!

உளவியல் வகுப்பில் இதே கதை, நினைவில் எத்தனை வகை, அவற்றை எப்படிப் பிரித்துச் சோதிப்பது என்று நீளும். நரம்பறிவியல் வகுப்பு அகற்றிய திசுவைப் பிடித்துக்கொள்ளும்: அங்குள்ள செல்கள் எப்படிப் பேசிக்கொள்கின்றன, இணைப்புகள் எப்படி வலுப்பெறுகின்றன?

வேதியியலும் ஆய்வகமும் பிடித்தவர்களுக்கு இரண்டாவதுதான். உளவியலில் கணக்கு இருக்காது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்; புள்ளியியல் பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே வந்துவிடும். மனநல ஆலோசகராக விரும்பினால் உளவியலையே எடுங்கள். ஆனால் இளங்கலைப் பட்டம் மட்டும் போதாது, மேற்படிப்பும் மேற்பார்வையில் பயிற்சியும் வேண்டும். அந்த ஆண்டுகளையும் இப்போதே கணக்கில் வையுங்கள்.