ஜேக்கப்ஸ் க்ரீக் ஷிராஸ் கேபர்னே: பாலக்காட்டு வெயிலில் ஓர் ஆஸ்திரேலியச் சிவப்பு ஒயின்

ஆஸ்திரேலிய ஒயின் புட்டியில் இரண்டு திராட்சை வகைகளின் பெயர்கள் இருந்தால், அதிக அளவில் சேர்ந்த வகையின் பெயரே முதலில் வர வேண்டும் என்பது அந்நாட்டு விதி. ஆகவே ஜேக்கப்ஸ் க்ரீக் ஷிராஸ் கேபர்னேயில் ஷிராஸுக்கே முதலிடம். கேபர்னே சாவிஞோன் அதற்குத் துணை. பிரான்சின் போர்டோ பகுதியில் கேபர்னேயோடு மெர்லோ என்ற திராட்சையைச் சேர்ப்பது மரபு. ஷிராஸோடு சேர்க்கும் வழக்கத்தைத் தமக்கே உரியதாக வளர்த்தெடுத்தவர்கள் ஆஸ்திரேலியர்கள். கேபர்னே தொடக்கத்தில் மணமும் முடிவில் இறுக்கமான துவர்ப்பும் தந்தாலும், இடையில் சற்று வெறுமையாக இருக்கும். அந்த இடத்தைச் சதைப்பற்றுள்ள ஷிராஸ் நிரப்பிவிடுகிறது என்பதை முதல் மிடற்றிலேயே உணரலாம்.

தென் ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கில் ஜேக்கப்ஸ் க்ரீக் என்ற ஓடைக்கரையில் யோஹான் கிராம்ப் 1847இல் திராட்சை பயிரிட்டார். அந்த ஓடையின் பெயரில் 1976இல் வெளிவந்த முதல் ஒயினும் ஒரு கலவையே: 1973ஆம் ஆண்டு அறுவடையான ஷிராஸ், கேபர்னே, மால்பெக்.

சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இதைக் குடிப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது வெப்பம். சிவப்பு ஒயினைக் குளிர்விக்கக் கூடாது என்பது குளிர்நாட்டு வீடுகளுக்குப் பொருந்தும் அறிவுரை. இதற்கு உகந்தது 16 முதல் 18 டிகிரி வரை, நம் வீட்டுக் கூடமோ பங்குனியில் 32 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அந்தச் சூட்டில் ஊற்றினால் ஆல்கஹால் நெடி முந்திக்கொண்டு மூக்கில் ஏறும். பழமணம் காய்ச்சிய ஜாம் போலத் தட்டையாகிவிடும். குளிர்பெட்டியில் அந்த அளவுக்குக் குளிரவைத்தெடுத்து, கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றிச் சுழற்றினால், விளிம்பில் ஊதா சாயும் கருஞ்சிவப்பும், நன்கு கனிந்த நாவற்பழத்தை நினைவூட்டும் இனிப்பும் துவர்ப்பும் கலந்த மணமும் தெளிவாகத் தெரிகின்றன. குளிர் மிஞ்சிவிட்டதா? சிறிது நேரம் மேசையில் விட்டால் சரியாகும்.

இரண்டாவது முகர்தலில் மெல்லிய மிளகு வாசனை வருகிறது. இது கற்பனையன்று. ஷிராஸின் மிளகு மணத்துக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற சேர்மம் கருமிளகிலும் உண்டு என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டார்கள். எனவே நம் பக்கத்து மிளகு மாட்டிறைச்சி வறுவலோடு இந்த ஒயின் இயல்பாகவே ஒத்துப்போகிறது. இறைச்சியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பை மென்மையாக்க, ஒயினின் புளிப்பு எண்ணெய்ப் பசையை நாக்கிலிருந்து துடைத்தெடுக்கிறது. குடம்புளியிட்ட மீன்கறியோடு மட்டும் வேண்டாம். மிளகாயின் காரத்தை ஆல்கஹால் கூட்டிவிடும், மீனோடு சேர்ந்த சிவப்பு ஒயின் பலருக்கு உலோகச் சுவையையும் தரும். அந்தக் கறிக்குக் கள்ளே பொருத்தம் என்று இவ்வூர்ப் பெரியவர்கள் சொல்வதை நான் மறுக்க மாட்டேன்.

ஒயினை முதிரவைக்கப் பயன்படும் ஓக் மரத்தின் வனிலா சாயல் அடங்கியே இருக்கிறது. துவர்ப்பு முரடாக இல்லை. சுவை நாக்கில் நெடுநேரம் நிற்பதும் இல்லை. ஆழ்ந்து ஆராய்வதற்கான ஒயின் அன்று, சாப்பாட்டோடு நிம்மதியாகக் குடிப்பதற்கானது என்பதே என் மதிப்பீடு. கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு வரி என்பதால், அவ்வளவு தொகைக்கு இது தகுமா என்ற தயக்கம் நியாயமானதே; ஆயினும் கலவை ஒயினை முதன்முதலாக அறிய விரும்புகிறவருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

திருகுமூடி என்பதால் மிச்சத்தை இறுக மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள்கள் தாங்கும். ஆண்டுக்கணக்கில் பாதுகாத்து வைக்க வேண்டிய புட்டி அன்று இது. வாங்கும்போது அறுவடை ஆண்டைப் பார்த்து, இருப்பதில் புதியதை எடுங்கள். கடையின் மேல்தட்டில் விளக்கை ஒட்டிச் சூடேறி நிற்பதைத் தவிர்த்துவிடுங்கள்.