கோள், குழி, மட்டம்: வானுக்கும் வடிவத்துக்கும் பழைய அகராதிகளைப் புரட்டியதில்

கொடைக்கானலில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வானம் காட்டவும் நிழல் அளக்கச் சொல்லித்தரவும் இரண்டு பழைய அகராதிகளைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தியதில் தெரிந்தவை இவை. ஒன்று 1862இல் வந்த வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதி. மற்றது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதி, பிறகு ஓர் அனுபந்தம். இரண்டும் அருமையான கருவிகள். ஆனால் முதல் பொருளைப் பார்த்ததும் பக்கத்தை மூடுகிறவரை இவை தவறான இடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.

அச்சுப் பிரதியை மலையில் காப்பது சிரமம். மழை மாதங்களில் அட்டையில் பூசணம் ஏறும். பீரோவை ஈரச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இரண்டையும் இலவசமாகத் தேடலாம், அன்றாட வேலைக்கு அது போதும். தேடும்போது புணர்ச்சியை, அதாவது சொற்கள் சேரும்போது எழுத்து மாறுவதை, மறக்க வேண்டாம். ‘கோள்மீன்’ என்று தட்டிவிட்டுச் சொல்லே இல்லை என்று முடிவு கட்டுகிறவர்கள் பலர். தலைச்சொல் ‘கோண்மீன்’. ‘நாள்மீன்’ அங்கே ‘நாண்மீன்’.

கோள் என்ற சொல்லை நிதானமாகப் படித்தால் பயன் அதிகம். கொள்ளுதல், பற்றுதல் என்பதிலிருந்துதான் விண்ணில் திரியும் கோளுக்கும் பெயர் வந்திருக்கிறது. வடமொழிக் கிரகத்துக்கும் பற்றுதல்தான் வேர். தமக்குள் இடம் மாறாத விண்மீன்கள் நாண்மீன்கள், அவற்றுக்கு நடுவே இடம் மாறிப் போவது கோண்மீன். இந்த ஒரு வேறுபாட்டைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டால் தொலைநோக்கி இல்லாமலே வியாழனை மாதாமாதம் தொடர்ந்து பார்த்துவிடுவார்கள். பழைய ஒன்பது கோளும் இன்றைய பட்டியலும் ஒன்றல்ல. அதில் ஞாயிறு, திங்கள், ராகு, கேது உண்டு, பூமி கிடையாது. யுரேனஸ் 1781இலும் நெப்டியூன் 1846இலும் கண்டறியப்பட்டவை. அவற்றுக்கு நிகண்டில், அதாவது செய்யுளில் அமைந்த பழைய சொற்பொருள் நூலில், பெயர் தேடுவது வீண்.

பொருளுக்குப் பக்கத்தில் உள்ள சுருக்கக்குறியை அவசியம் பாருங்கள். பிங். (பிங்கலம்), திவா. (திவாகரம்), சூடா. (சூடாமணி) என்றிருந்தால் அது நிகண்டுச் சொல், புறநா. (புறநானூறு) போன்ற குறி இருந்தால் இலக்கியத்தில் வழங்கிய இடம் உண்டு. நிகண்டுப் பெயரை எடுத்து அப்படியே வாக்கியத்தில் வைத்தால் இடறும். செவ்வாய்க்குச் சேய் என்றொரு பெயர் உண்டு. பழனி மலையில் நின்றுகொண்டு ‘சேய் உதித்தது’ என்றால் கேட்பவர் மனம் முருகனிடம்தான் போகும். பொன் என்றால் வியாழன், காரி என்றால் சனி. இவற்றுக்கும் இதே சிக்கல்தான். சனிக்கு மைம்மீன் என்ற பெயர் மட்டும் தயங்காமல் பயன்படுத்தத் தக்கது. புறநானூற்றிலேயே இருக்கிறது, ‘மீன்’ என்று முடிவதால் குழப்பமும் இல்லை.

வடிவியலில் குழப்பம் இன்னும் கூடுதல். பழைய தமிழ்க் கணக்கு நூலான கணக்கதிகாரத்தின் வரி இது: ‘வட்டத்தரை கொண்டு விட்டத்தரை தாக்கச் சட்டெனத் தோன்றும் குழி.’ இன்றைய பாடநூல் பொருளில் படித்தால் கணக்கு நிற்காது. இங்கே வட்டம் என்பது சுற்றளவு, தாக்குதல் பெருக்குதல், குழி பரப்பு. விட்டம் 14 என்றால் சுற்றளவு 44. பாதி 22, விட்டத்தில் பாதி 7, பெருக்கினால் 154. மூன்று சொல்லையும் எண் போட்டுச் சரிபார்த்த பிறகே பொருள் உறுதியாகிறது. இப்படி ஓர் எண் போட்டுப் பார்க்காமல் எந்தப் பழைய அளவைச் சொல்லையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது.

சமதளத்துக்கு அகராதியில் தளம் உண்டு. ஆனால் கொத்தனாரும் ஆசாரியும் வாயில் வைத்திருப்பது மட்டம். ரசமட்டம், மூலைமட்டம் என்று கருவியின் பெயரிலேயே வடிவியல் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லை வைத்துத் தேடும்போது ‘பிளேன்’ என்பதற்கு மரம் இழைக்கும் இழைப்புளியும் வந்து நிற்கும். அது பிழையல்ல, பரப்பை மட்டமாக்குவதுதானே அதன் வேலை.

கோணத்துக்கு 1 பாகை 60 கலை, 1 கலை 60 விகலை. நாள் 60 நாழிகை என்பதால் வானம் நாழிகைக்கு 6 பாகை சுழல்கிறது. கையை நீட்டிப் பிடித்த முட்டி ஏறக்குறைய 10 பாகை. கொடைக்கானலின் அட்சரேகையும் 10 பாகைக்குச் சற்று மேல். ஆகவே குறிஞ்சி ஆண்டவர் கோயில் பக்கம்போல வடக்கு திறந்த இடத்தில், அடிவானத்திலிருந்து ஒரு முட்டி உயரத்தில் துருவமீன் நிற்கும்.

சங்கப் பாட்டான நெடுநல்வாடை சொல்லும் இருகோல் குறிநிலையையும் (கோல் நட்டு நிழல் பார்ப்பது), கயிறிட்டுத் திசை பார்ப்பதையும் செய்து பார்க்க 1 மீட்டர் கோல் ஒன்றே போதும். தரையை ரசமட்டத்தாலும் கோலைத் தூக்குக்குண்டாலும் சரிபார்த்து, கோலடியை மையமாக வைத்து வட்டம் வரைய வேண்டும். நிழல் நுனி காலையிலும் பிற்பகலிலும் வட்டத்தைத் தொடும் இரு புள்ளிகளை இணைத்தால் கிழக்கு மேற்கு. இங்கே பிற்பகலில் மேகம் மூடி இரண்டாம் புள்ளி தவறிவிடும். அதனால் நான்கைந்து வட்டம் போடுங்கள், உள்வட்டம் நண்பகலை ஒட்டியே கிடைத்துவிடும். பருத்திக் கயிறு ஈரத்தில் நீளம் மாறும், கம்பி நல்லது. நிழல் 1 மீட்டர் இருக்கையில் நுனி 2 செ.மீ. வரை மங்கலாகத் தெரியும். கோல் உச்சியில் ஊசித்துளை அட்டை ஒட்டினால் ஒளிப்புள்ளி தெளிவாக விழும்.

ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் கொடைக்கானலில் அந்தக் கோலுக்கு நண்பகலில் நிழலே இராது. கடிகாரத்தில் 12 மணிக்குப் பார்த்தால் கிடைக்காது, 12.20 வரை காத்திருக்க வேண்டும்.