ரெசின் வாஷ்பேசினுக்குப் பளபளப்பு ஏற்ற ஆள் அழைக்கும் முன்

எங்கள் குளியலறையின் ரெசின் (செயற்கைப் பிசின்) வாஷ்பேசின் எட்டு ஆண்டு உழைப்புக்குப் பிறகு மங்கிப்போயிருந்தது. எவ்வளவு கழுவித் துடைத்தாலும் அதன் அடிப்பகுதி, சுண்ணாம்புத் தண்ணீர் காய்ந்ததைப் போல வெளிறியே தெரிந்தது. பழைய பேசினைக் கழற்றாமலே இரண்டு மணி நேரத்தில் புதிதாக்கித் தருவதாக விளம்பரம் செய்திருந்த ஒரு நிறுவனத்தை அழைத்தேன். அவர்களின் ஆள் இரண்டு முறை வந்துபோன பிறகு, அந்த பேசின் முன்பிருந்ததைவிட மோசமாகிவிட்டது. நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. இதே வேலையை இதே முறையில் வேறு பலரும் செய்யக்கூடும் என்பதால், என்ன நடந்தது என்பதை விரிவாகச் சொல்வதே பயன் தரும் என்று கருதுகிறேன்.

வந்தவர் பேசின் எதனால் ஆனது என்று கேட்கவே இல்லை. அந்தக் கேள்வி எவ்வளவு முக்கியம் என்பது அன்று எனக்கும் தெரிந்திருக்கவில்லை. ரெசின் பேசின் என்று நாம் பொதுவாகச் சொல்பவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று, அக்ரிலிக் அல்லது பாலியஸ்டர் ரெசினோடு கனிமத் தூளைக் கலந்து வார்த்து, மேலிருந்து கீழ்வரை ஒரே பொருளாக அமைந்த வகை. இதில் மேற்பரப்பைத் தேய்த்து எடுத்தாலும் உள்ளேயும் அதே நிறம்தான் இருக்கும். மற்றொன்று, ரெசினும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்த உடலின்மேல் ஜெல் கோட் என்ற மெல்லிய ரெசின் படலம் அமைந்த வகை. அந்தப் படலத்தின் தடிமன் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவே இருக்கும். பளபளப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது, அது தேய்ந்துபோனால் அடியிலிருக்கும் பொருள் வெளியே தெரிந்துவிடும். எங்களுடையது இரண்டாவது வகை. தண்ணீர் இறங்கும் துளையின் மூடியைக் கழற்றி, அதன் விளிம்பில் டார்ச் அடித்துப் பார்த்தாலே அடுக்குகளைப் பிரித்தறிந்துவிடலாம். ஒரு நிமிட வேலை. அதைக்கூட அவர் செய்யவில்லை.

முதல் முறை அவர் செய்தது மிக எளிது. சோப்பு நீரால் கழுவினார், துடைத்தார், ஒரு ஸ்பிரேயை அடித்துத் துணியால் தேய்த்தார். பேசின் உண்மையிலேயே கண்ணாடிபோல் மின்னியது. நானும் மனம் மகிழ்ந்து பணத்தைக் கொடுத்தேன். நான்காம் நாள் அது பழையபடி வெளிறியது. பிறகு விசாரித்தபோதுதான் அது சிலிகோன் எண்ணெய் கலந்த பாலிஷ் என்று தெரிந்தது. மேற்பரப்பு மங்கித் தெரிவதற்குக் காரணம், அதிலுள்ள நுண்ணிய கீறல்களில் பட்டு ஒளி நாலா பக்கமும் சிதறுவதே. எண்ணெய் அந்தக் கீறல்களை நிரப்பியதும் பரப்பு சமமானதுபோல் தோன்றும். மங்கிய பேசினில் தண்ணீர் ஊற்றினாலும் இதே பளபளப்பு வரும். அந்த ஸ்பிரே எளிதில் காயாத தண்ணீர், அவ்வளவுதான். சோப்பு பட்டுப்பட்டு எண்ணெய் கரைந்ததும் கீறல்கள் மறுபடி வெளியே வந்துவிட்டன.

புகார் செய்ததும் அதே ஆள் மீண்டும் வந்தார். இம்முறை "நானோ கோட்டிங்" என்றார். முதலில் உப்புக்கறையை நீக்க, கழிவறைக்குப் பயன்படுத்தும் அமிலக் கரைசலை நேரடியாக ஊற்றினார். துளையின் அருகில் படலம் தேய்ந்திருந்த இடத்தில் சின்னச் சின்னக் குமிழ்கள் பொங்கியதை என் கண்ணால் பார்த்தேன். அதைப் பார்த்து, "அழுக்கு கிளம்புகிறது" என்றார். அமிலம் உப்புக்கறையைக் கரைத்தது உண்மைதான். ஆனால் பேசினின் உடலில் கலந்திருக்கும் சுண்ணாம்புத் தூளும் அமிலம் பட்டால் அதே விதத்தில்தான் பொங்கிக் கரையும். அதன் பிறகு கைமிஷினில் முரட்டு உப்புத்தாளை மாட்டி, தண்ணீர் விடாமல், உலர்ந்த நிலையிலேயே தேய்த்தார். தின்னரில் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு, நிறமற்ற வார்னிஷ் போன்ற ஒன்றை அடித்தார். குளியலறையில் நிற்க முடியாத அளவுக்கு நெடி எழுந்தது. இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் விடலாம் என்று சொல்லிவிட்டுச் சென்றார். இரு பாகங்களைக் கலந்து அடிக்கும் பூச்சுகளில் பலவும் தண்ணீரைத் தாங்கும் அளவுக்கு இறுக ஒரு நாளுக்குக் குறையாமல் ஆகும் என்பதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை.

மூன்றாம் வாரத்தில் துளையைச் சுற்றிப் பூச்சு வெண்மையாகக் கொப்புளித்தது. விரல்நகத்தால் மெல்லத் தூக்கியபோது வெங்காயத் தோல்போல உள்ளங்கை அகலத்துக்கு ஒரே துண்டாக உரிந்து வந்தது. ஒளியில் பிடித்துப் பார்த்தால் அந்தத் துண்டு முழுவதும் ஊசித்துளை போன்ற வட்டப் பள்ளங்கள் இருந்தன. அடியில் சிலிகோன் இருந்தால் பூச்சு ஒட்டாமல் விலகி இப்படித்தான் பள்ளம் விழும் என்று வாகனங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் ஒரு நண்பர் விளக்கினார். ஆக, முதல் வருகையில் அவர் தடவிய எண்ணெயே இரண்டாம் வருகையில் அவர் அடித்த பூச்சைக் கெடுத்திருக்கிறது. இதில் எனக்குச் சிரிப்பும் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தபோது, நான் தவறான சோப்பைப் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள். ஓராண்டு உத்தரவாதம் என்று வாயால் சொல்லியிருந்தார்களே தவிர, ரசீதில் "மெருகூட்டும் பணி" என்ற இரண்டு சொற்களுக்குமேல் எதுவும் இல்லை. அடித்த பூச்சின் பெயரைக் கேட்டேன். அது தொழில் ரகசியமாம். டப்பாவின்மேல் அச்சிட்ட பெயரில் என்ன ரகசியம் இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கடைசியில் நானே இரண்டு நாள் உட்கார்ந்து சரிசெய்தேன். வெதுவெதுப்பான சோப்பு நீரை ஊறவிட்டு, பழைய பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பால் பூச்சை உரித்தெடுத்தேன். தின்னரையோ அசிட்டோனையோ தொடவில்லை. அவை பூச்சோடு ரெசினையும் இளக்கிவிடும். மிஷின் விட்டுச்சென்ற வட்டக் கீறல்கள் இருந்த இடத்தில் மட்டும் 600ஆம் எண் வாட்டர் பேப்பரை, அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளைப் பயன்படுத்தினேன். எண் கூடக்கூடத் தாள் மென்மையாகும். பிறகு பரப்பு முழுவதையும் 1000, 1500, 2000 என்ற வரிசையில், சோப்புத் தண்ணீர் சொட்டச் சொட்டக் கையாலேயே தேய்த்தேன். ஒவ்வொரு எண்ணுக்கும் தேய்க்கும் திசையைக் குறுக்காக மாற்றினால், முந்தைய தாளின் கோடுகள் மறைந்துவிட்டனவா என்பது தெளிவாகத் தெரியும். பரப்பு ஈரமாக இருக்கும்போது எல்லாம் பளபளப்பாகவே தோன்றும் என்பதால், ஒவ்வொரு முறையும் உலரவிட்டு, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்த பின்னரே அடுத்த தாளுக்குப் போனேன். அதன் பிறகு மெல்லிய கீறல்களைத் தேய்த்துப் போக்கும் ரப்பிங் காம்பவுண்டு என்ற பசை, இறுதியாக மெழுகு. இந்த மெழுகும் மேலே பூசுவதுதானே என்று கேட்கலாம். ஆனால் பரப்பு சமமான பிறகு பூசும் மெழுகு பளபளப்பைக் காக்கிறது, கீறலை மறைப்பதற்காகப் பூசுவது கண்ணை ஏமாற்றுகிறது.

நீங்கள் ஆள் அழைப்பதானால், பேசின் எந்த வகை, எந்த எண் தாளில் தொடங்குவீர்கள், மேலே ஏதாவது பூசுவீர்களா, பூசினால் டப்பாவைக் காட்ட முடியுமா, எத்தனை மணி நேரம் தண்ணீர் படக்கூடாது என்று முதலிலேயே கேட்டு, விடையை ரசீதில் எழுதி வாங்குங்கள். "எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து" என்பவரை உள்ளே விட வேண்டாம். வேலை முடிந்ததும் பேசினைச் சோப்பால் இரண்டு முறை கழுவி, முழுவதும் உலர்ந்த பிறகு பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

முதலில் மங்கியதற்கு எங்கள் பழக்கமும் ஒரு காரணம். தேய்ப்புத் தூள், கம்பி நார், மெலமின் ஸ்பான்ஜ் எல்லாமே ரெசினைக் கீறும். பற்பசையிலும் தேய்க்கும் துகள்கள் இருப்பதால், சிந்திய பற்பசையைப் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்ப்பதும் நல்லதல்ல. கொதிக்கும் நீரை ஒரேயடியாகக் கவிழ்த்தால் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் விழும். நகப்பூச்சு நீக்கியில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும், ஆகவே அந்தக் குப்பி இப்போது எங்கள் பேசின் ஓரத்தில் இல்லை. இரவில் கடைசியாகப் பயன்படுத்துபவர் மென்மையான துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிடுகிறார். தண்ணீர் நின்று காயாவிட்டால் உப்புக்கறைக்கு இடமே இல்லை.

பேசின் இப்போது பெரும்பகுதி மின்னுகிறது. அமிலம் பொங்கிய அந்த இடத்தில் மட்டும், ஒரு நாணயத்தின் அகலத்துக்கு, ஜெல் கோட் முற்றிலும் போய் அடியிலிருக்கும் சாம்பல் நிறம் தெரிகிறது. அங்கே எந்தத் தாளும் மெழுகும் பலிக்கவில்லை.