லேசிக்கா, பி.ஆர்.கே.யா? கபடித் தரையில் நின்று பார்த்த கணக்கு

என் அக்கா மகனுக்கு அப்போது ஒன்பது மாதம். தூக்கத்தில் புரண்டு கையை வீசியவனின் நகம் அவள் வலது கண்ணில் பட்டுவிட்டது. எந்தத் தாய்க்கும் நடக்கக்கூடியதுதான். ஆனால் அக்கா அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு லேசிக் செய்துகொண்டவள், அதாவது கண்ணாடி போடாமல் இருக்க லேசரால் பார்வையைத் திருத்தும் அறுவை. கண்ணைத் திறந்தால் விளக்கு இரண்டாகத் தெரிந்தது, நீர் வடிவது நிற்கவில்லை. இரவோடு இரவாக மருத்துவமனைக்குப் போனாள். கருவிழியில் அன்று வெட்டி மூடிய மடலின் ஓரம் மடங்கியிருக்கிறது என்றார்கள். மடலைத் தூக்கி, அடியைக் கழுவி, சுருக்கம் இல்லாமல் நீவிப் பழைய இடத்தில் படியவைத்து, மேலே ஒரு பாதுகாப்பு லென்ஸை வைத்து அனுப்பினார்கள். பார்வை முழுவதும் திரும்பிவிட்டது. ஆனாலும் அடுத்த ஓராண்டு அவள் பிள்ளையைத் தன் பக்கம் திருப்பிப் படுக்கவைக்கவில்லை.

அந்த இரவு இல்லாவிட்டால் நானும் யோசிக்காமல் லேசிக்தான் செய்துகொண்டிருப்பேன். நான் திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. மாலையில் பெண்கள் கபடி அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். இரு கண்ணிலும் மைனஸ் நாலரை. கண்ணாடியோடு கபடி ஆட முடியாது. காண்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு மண்தரையில் விழுந்து எழுந்தால், லென்ஸுக்கு அடியில் புகுந்த ஒரு துகள் அன்றைய பயிற்சியையே முடித்துவிடும். மூன்று ஆண்டுகளுக்கு முன் பி.ஆர்.கே. செய்துகொண்டேன், அதுவும் லேசரால் பார்வையைத் திருத்தும் அறுவைதான், ஆனால் மடல் வெட்டாமல் செய்வது. என்னிடம் கேட்கிறவர்களுக்குச் சாய்வை மறைக்காமலே சொல்லிவிடுகிறேன்: உடம்போடு உடம்பு மோதும் வேலையோ விளையாட்டோ உள்ளவர்களுக்கு நான் பி.ஆர்.கே. பக்கம்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. 'லேசிக் புதியது, பி.ஆர்.கே. பழையது, அதனால் மட்டம்' என்ற பேச்சை ஆலோசனை அறையிலேயே கேட்டேன். இரண்டிலும் கருவிழியைச் செதுக்குவது ஒரே எக்சைமர் லேசர்தான், 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிர். சுற்றியுள்ள சதையைச் சுடாமல் அது திசுவைச் சீவியெடுக்கும் என்பதை 1981ல், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை வைத்து ஐ.பி.எம். ஆய்வகத்தில் கண்டவர்களில் ஒருவர் ரங்கசாமி ஸ்ரீனிவாசன். சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர். இதைப் படித்தபோது எனக்கு மனம் நிறைந்தது. வேறுபாடு லேசரில் இல்லை, அது செதுக்க வேண்டிய இடத்தை எப்படித் திறக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. லேசிக்கில் சுமார் 100 மைக்ரான் (மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) கனத்துக்கு ஒரு மடலை வெட்டி, புத்தகத்தின் அட்டையைப் போலத் திறந்து, அடியில் செதுக்கி மூடுவார்கள். பி.ஆர்.கே.யில் வெட்டு கிடையாது. மேலே உள்ள 50 மைக்ரான் அளவிலான மேற்படலத்தை மட்டும் நீக்கிவிட்டுச் செதுக்குவார்கள். படலம் தானாக மறுபடி வளர்ந்துகொள்ளும்.

லேசிக்கின் சுகத்தைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். அக்கா செய்துகொண்ட மறுநாள் காலையில் மின்விசிறியின் இறக்கையில் படிந்த தூசியைப் பார்த்துச் சொன்னாள். மூன்றாம் நாள் அலுவலகம் போய்விட்டாள். வலி என்று சொல்லும்படி முதல் சில மணி நேர எரிச்சல்தான். மேசை முன் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர், விடுப்பு கிடைக்காதவர், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர் ஆகியோருக்கு இது சிறிய விஷயம் இல்லை.

என் முதல் வாரம் வேறு மாதிரி. அரையாண்டு விடுமுறையைக் கணக்குப் பார்த்து டிசம்பர் 23 அன்று செய்துகொண்டேன். அன்று மாலை பரவாயில்லை. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டது போல இருந்தது. சன்னல் திரையின் ஓரத்தில் கசியும் வெளிச்சத்தைக்கூடத் தாங்க முடியாமல் துண்டைக் கண்மேல் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். கைப்பேசியைப் பார்ப்பது நடக்காத காரியம். சொட்டு மருந்தை அம்மாதான் மணி பார்த்து விட்டார். ஐந்தாம் நாள் பாதுகாப்பு லென்ஸை எடுத்தார்கள். வலி அன்றே போய்விட்டது, ஆனால் பார்வை முதல் நாளைவிட மங்கலாக இருந்தது. வளர்ந்து வரும் படலம் நாலாபுறமிருந்தும் வந்து கருவிழியின் நடுவில் ஒட்டும்போது மேடு தட்டும், அதனால்தான் இந்த மங்கல் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். சொல்லியிருக்காவிட்டால் பயந்துபோயிருப்பேன். இதைச் செய்யப்போகிறவர்கள் அந்த ஐந்தாம், ஆறாம் நாளை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பள்ளி திறந்தபோது கரும்பலகை எழுத்துக்கு நிழல் எழுத்து ஒன்று கூடவே நின்றது. பொங்கலுக்குள் ஓரளவு தெளிந்தது. மருத்துவமனையின் பார்வைப் பலகையில் கடைசி வரியைத் திணறாமல் படிக்க ஏழு வாரம் ஆயிற்று. அக்காவுக்கு ஓர் இரவில் கிடைத்தது எனக்கு ஏழு வாரத்தில் கிடைத்தது.

அன்றாடத்தில் உறுத்தியவை சின்னச் சின்ன விஷயங்கள். தலைக்குக் குளிக்கும்போது தண்ணீர் கண்ணில் இறங்காமல் பார்க்க வேண்டும் என்பதால் முதல் பத்து நாள் அம்மா பின்னால் நின்று தலையைச் சாய்த்து ஊற்றினார். சீயக்காய்க்கும் எண்ணெய்க் குளியலுக்கும் ஒரு மாதம் விடை. கண் மைக்கும் அதே கணக்கு. ஊருக்குப் போனால் அப்பத்தா நெற்றியில் திருநீறு பூசிவிட்டு ஊதுவார், அது நேராகக் கண்ணுக்குத்தான் வரும். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே குனிந்து வாங்கிக்கொண்டேன். போகியன்று காலையில் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. இவை லேசிக்குக்கும் பொருந்தும், அதில் நாள்கள் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

பி.ஆர்.கே.க்கே உரிய சுமை வெயிலும் சொட்டு மருந்தும். செதுக்கிய மேற்பரப்பு ஆறும்போது கருவிழியில் லேசாகப் பனி படர்ந்தது போல வெண்மை தட்டக்கூடும். அதைத் தடுக்க அறுவையின்போதே மைட்டோமைசின் என்ற மருந்தைச் சில நொடிகள் வைத்து எடுக்கிறார்கள். பிறகு ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் திடீரென நிறுத்தாமல் மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். எனக்கு மூன்று மாதம். அந்த மருந்து சிலருக்குக் கண்ணழுத்தத்தை ஏற்றிவிடும் என்பதால் இடையில் அழுத்தம் பார்க்கப் போயே ஆக வேண்டும். 'பார்வைதான் நன்றாக இருக்கிறதே' என்று அந்தப் பரிசோதனைகளைத் தவிர்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. புற ஊதாக் கதிரும் இந்த வெண்மைக்குத் துணை போகும். மைதானத்தில் நாள் முழுவதும் நிற்கிறவள் சித்திரை வெயிலில் இதைச் செய்துகொள்ளக் கூடாது என்றுதான் மார்கழியைத் தேர்ந்தெடுத்தேன். ஆறு மாதம் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாமல் திடலில் இறங்கவில்லை.

இத்தனை சுமையையும் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் ஒன்றே ஒன்று, அந்த மடல்.

ஆலோசனை அறையில் 'மடல் ஒட்டிக்கொள்ளும்' என்று சொல்வார்கள். எப்படி ஒட்டுகிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தையல் கிடையாது. விளிம்பைச் சுற்றித் தழும்பு உண்டாகி இறுகுகிறது. நடுப்பகுதி பெரும்பாலும் படிந்து கிடக்கிறதே தவிர, வெட்டுப்படாத கருவிழியைப் போல இழையோடு இழை பின்னிக்கொள்வதில்லை. லேசிக் செய்திருந்தவர்கள் இறந்தபின் தானமாகத் தந்த கண்களை ஆராய்ந்து 2005ல் வெளியிட்ட அளவீட்டில், விளிம்புத் தழும்புக்கு இயல்பான வலுவில் 28 சதவீதமும், நடுப்பகுதிக்கு 2 சதவீதத்துக்குச் சற்று மேலும்தான் இருந்தன. அடிபட்டு மடல் நகர்ந்த நிகழ்வுகள், அறுவைக்குப் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. விரல் நகம், மரக்கிளை, காரின் காற்றுப்பை, பந்து என்று காரணங்கள் பலவாக இருக்கின்றன. அமெரிக்கக் கடற்படை 1990களில் தன் வீரர்களுக்கு முதலில் ஆராய்ந்து பார்த்ததும் பி.ஆர்.கே.தான். பின்னாளில் அவர்கள் லேசிக்கையும் ஏற்றார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

லட்சக்கணக்கானோர் லேசிக் செய்துகொண்டு எதுவும் ஆகாமல் நன்றாக இருக்கிறார்கள். மடல் நகர்வது அரிது. பிளேடால் வெட்டிய மடலைவிட ஃபெம்டோ லேசரால் வெட்டிய மடலின் விளிம்பு நன்றாகப் பிடித்துக்கொள்கிறது என்கிறார்கள். ஆனால் அந்த 'அரிது' எல்லாருக்கும் ஒரே அளவு இல்லை. கணக்கு அலுவலகத்தில் இருப்பவரின் முகத்துக்கு நேரே ஆண்டில் எத்தனை முறை வேகமாக ஒரு கை வரும்? என் தரையில் ஒரு மாலையில் அது இருபது முறை வருகிறது. பாடிவரும் பெண்ணை ஏழு பேர் சேர்ந்து அமுக்கும்போது யாருடைய விரல் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

அறுவை முடிந்து இரண்டாம் ஆண்டு அப்படித்தான் நடந்தது. பிடியைச் செய்துகாட்டும்போது ஒரு மாணவியின் விரல் என் இடது கண்ணைக் கீறியது. பயிற்சியை நிறுத்திவிட்டு ஓடினேன். மஞ்சள் சாயம் விட்டு நீல ஒளியில் பார்த்த மருத்துவர், மேற்படலத்தில் கீறல் மட்டும் இருக்கிறது என்றார். ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து, இரண்டு நாள் ஓய்வு, ஆறிவிட்டது. அக்காவின் இரவோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அடி ஏறக்குறைய ஒன்றுதான். அவள் கண்ணில் தூக்கி நீவிப் பொருத்த வேண்டியது ஒன்று இருந்தது, என் கண்ணில் அது இல்லை. மேற்படலம் சிலருக்கு அடிக்கடி உரிந்து தொல்லை தரும் என்பதும் உண்டு. எனக்கு இதுவரை அப்படி வரவில்லை.

கண் வறட்சியில் என் அனுபவத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அக்கா இன்றும் கைப்பையில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு வைத்திருக்கிறாள். நான் ஆறாம் மாதத்தில் நிறுத்திவிட்டேன். மடல் வெட்டும்போது கருவிழியின் நரம்புகள் பெருமளவு அறுபடுவதால் லேசிக்கில் வறட்சி கூடுதல் என்று சொல்லப்படுகிறது. ஆனால் அவள் குளிரூட்டிய அறையில் ஒன்பது மணி நேரம் திரை பார்க்கிறவள், நான் வெட்டவெளியில் நிற்கிறவள். எங்கள் இருவரை வைத்து இதைத் தீர்க்க முடியாது. இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவதில் இருவரும் சமம். எனக்கு மூன்று மாதத்தில் மிகவும் குறைந்தது. மழை இரவில் மதுரைச் சாலையில் வண்டி ஓட்டும்போது கொஞ்சம் இன்றும் உண்டு.

ஸ்மைல் முறையைப் பற்றிக் கேட்பார்கள். அதில் மடல் இல்லை. கருவிழிக்குள்ளேயே ஒரு மெல்லிய வில்லையை லேசரால் செதுக்கி, சில மில்லிமீட்டர் அளவுள்ள சிறு வெட்டு வழியாக உருவிவிடுகிறார்கள். வலி குறைவு, வாரக்கணக்கில் முடங்க வேண்டியதில்லை. என் தொழிலுக்கு அதுவும் பொருந்தியிருக்கும். எனக்குச் சொன்ன கட்டணம் பி.ஆர்.கே.யைப் போல இரண்டரை மடங்கு. என் கருவிழிக் கனமும் 498 மைக்ரான்தான், சராசரியைவிடக் குறைவு. பி.ஆர்.கே.யில் சுமார் 65 மைக்ரான் மட்டுமே செதுக்கினால் போதும், அடியில் உள்ளது வெட்டுப்படாமல் முழுசாக நிற்கும் என்பது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஸ்மைல் செய்துகொண்டவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், இருவரும் நன்றாக இருக்கிறார்கள். அவர்களை வைத்து மேலே எதுவும் சொல்ல மாட்டேன். பவர் மிக அதிகம், கருவிழி மிக மெல்லியது என்றால் பேச்சு கண்ணுக்குள் வைக்கும் ஐ.சி.எல். லென்ஸுக்குப் போய்விடும். அது வேறு கணக்கு.

எதைச் செய்தாலும் நாற்பது வயதுக்குமேல் வெள்ளெழுத்து வரும், படிக்கக் கண்ணாடி வேண்டும். கண்ணைக் கசக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கண்ணாடி போனதும் வண்டியில் போகும்போது பூச்சியும் புழுதியும் நேராகக் கண்ணுக்கு வருகின்றன. ஹெல்மெட்டின் முகமூடியை இறக்காமல் நான் இப்போது கிளம்புவதே இல்லை.

எங்கள் அணியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் இருக்கிறாள், மைனஸ் மூன்று. மங்கலான பார்வையோடுதான் எதிரணிப் பக்கம் கபடி பாடப் போகிறாள். பதினெட்டு வயது முடிந்ததும் தனக்கும் இது வேண்டும் என்று போன மாதம் வந்து நின்றாள். ஓராண்டாவது பவர் மாறாமல் நின்றால்தான் மருத்துவரே பேச்சை எடுப்பார், பவர் எழுதிய பழைய சீட்டைக் கொண்டுவா என்றேன். சென்ற ஜூன் மாதச் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. வரும் ஜூனில் எடுக்கும் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அவள் அம்மாவிடம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறேன்.