அப்பாவின் சிறுநீர் டியூப்: லேடெக்ஸா, சிலிக்கானா?

அப்பாவுக்கு இனி டியூப்பை எடுக்க வழியில்லை என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடமாகிறது. மலேசியாவில், பட்டர்வொர்த் வீட்டில் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். முதல் எட்டு மாதம் லேடெக்ஸ், அதாவது ரப்பர் டியூப், அப்புறம் முழு சிலிக்கான். நான் சிலிக்கான் பக்கம்தான்.

லேடெக்ஸ் மலிவு, நன்றாக வளையும். சிலிக்கான் விலை பல மடங்கு. ரப்பர் அலர்ஜி உள்ளவர்களுக்கு யோசனையே வேண்டாம், சிலிக்கான்தான். அப்பா முப்பது வருடம் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர், அவருக்கு அந்தத் தொல்லை இல்லை. எங்களை மாற வைத்தது அடைப்பு.

லேடெக்ஸ் காலத்தில் மூன்று முறை அடைத்தது, மூன்றும் மூன்றாவது வாரத்தில். ஒருநாள் இரவு இரண்டு மணிக்குப் பார்த்தால் சிறுநீர் சேரும் பை காலி, அடிவயிறு கல் மாதிரி, அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டுகிறது. பாலத்தைத் தாண்டி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கழற்றிய டியூப்பின் நுனியை மிஸி (நர்ஸ்) விரலிடையில் உருட்டி, "தொட்டுப் பாருங்க அக்கா" என்றார். உள்ளே மணல் நெறுநெறுத்தது.

புரோட்டியஸ் போன்ற கிருமிகள் சிறுநீரில் உள்ள யூரியாவை அம்மோனியாவாக உடைக்கின்றன. காரத்தன்மை ஏறுகிறது, கால்சியம், மெக்னீசியம் பாஸ்பேட் உப்புகள் துகளாகிப் படிகின்றன. சிலிக்கானிலும் படியும். ஆனால் அதன் சுவர் மெலிசு. வெளியே அதே 16 சைஸ் என்றாலும் உள்துவாரம் பெரிது, அடைய நாளாகும். சாதாரண லேடெக்ஸுக்கு 4 வாரம், சிலிக்கானுக்கு 12 வாரம் வரை என்பது பொதுக் கணக்கு. ஹைட்ரோஜெல் என்ற வழவழப்பான பூச்சு பூசிய லேடெக்ஸும் நீண்ட நாளைக்கு உண்டு, நாங்கள் போட்டதில்லை.

12 வாரம் என்பது உச்சவரம்பு, அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2009 வழிகாட்டியும் நாள் கணக்கு வைத்து மாற்றச் சொல்லவில்லை. அடைப்பு, தொற்று, டியூப்புக்கும் பைக்கும் இடையிலான இணைப்பு பிரிவது போன்ற காரணம் பார்த்து மாற்றச் சொல்கிறது. அடிக்கடி அடைப்பவர்களுக்கு சிலிக்கான் மேலாக இருக்கலாம் என்றும் சொல்கிறது.

சிலிக்கானில் குறையும் உண்டு. உள்ளே பிடித்து நிற்கும் பலூனின் தண்ணீர் மெல்லக் கசிந்து குறையும், டியூப் நழுவலாம். கழற்றும்போது பலூன் மடிந்து விளிம்பு கட்டினால் வலிக்கும். முதல் தடவை அப்பா என் கையை நெரித்துவிட்டார். இப்போது பலூன் தண்ணீரை எடுக்க மிஸி ஊசிக்குழாயை இழுப்பதில்லை, தண்ணீர் தானாக இறங்கும்வரை பொறுக்கிறார். அதன்பின் அப்பா அவ்வளவாக முகம் சுளிக்கவில்லை.

தொற்று குறையும் என்று நம்பி மட்டும் சிலிக்கான் வாங்க வேண்டாம். எங்களுக்கு அதில் வித்தியாசம் தெரியவில்லை. கை கழுவுவது, பையை மூத்திரப்பைக்குக் கீழே, தரையில் படாமல் தொங்கவிடுவது, இணைப்பைப் பிரிக்காமல் இருப்பது, தினமும் சோப்புத் தண்ணீர், இவை எந்த டியூப்புக்கும் வேண்டும்.

சமையலறை நாள்காட்டியில் ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்து வைக்கிறேன். முதல் இரண்டு சிலிக்கான் டியூப்புகள் 52, 49 நாளில் அடைத்தன. அதிலிருந்து 42ஆம் நாளே மிஸியை வரச் சொல்லிவிடுகிறோம்.